பழைய கான்ஃபிக் என்ன பாவம் செய்தது?

மென்பொருள் எழுதுபவர்களே, கான்ஃபிக்கில் (மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று பயனர் எழுதிவைக்கும் அமைப்புகளில்) புதிய ஆப்ஷன் வேண்டுமா, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தொடாதவர்களுக்கு நேற்று ஓடியது இன்றும் அப்படியே ஓட வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரி (பிறர் எழுதித் தரும் நிரல்தொகுப்பு) ஒன்றில் 'டைம்அவுட்', அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு, இத்தனை காலம் நொடிக்கணக்கில் இருந்தது. சின்ன அப்டேட்தானே என்று போட்டால், மில்லிநொடியாகிவிட்டது! 30 என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் கண் இமைப்பதற்குள் இணைப்பு அறுந்தது. மில்லிநொடிதான் வேண்டுமென்றால் வேறு பெயரில் ஒரு ஆப்ஷன் வைத்து, பழையதையும் கொஞ்ச காலம் விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியைப் பாருங்கள். 2014இல் 2.0 வந்தபோது 'புஷ்.டிஃபால்ட்' (எதை என்று சொல்லாமல் புஷ் செய்தால், அதாவது மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பினால், எவை போகும் என்ற அமைப்பு) மேட்சிங்கிலிருந்து (இரு பக்கமும் ஒரே பெயருள்ள எல்லாக் கிளைகளும்) சிம்பிளுக்கு (இப்போது வேலை செய்யும் கிளை மட்டும்) மாறியது. முந்தைய பதிப்புகளிலேயே புஷ் செய்யும்போது எச்சரித்தார்கள். பழையபடியே வேண்டுமென்றால் கான்ஃபிக்கில் ஒரு வரி எழுதினால் போதும். நம் லைப்ரரிக்காரர்களோ சேஞ்ச்லாக்கில்கூட (மாற்றங்களைப் பட்டியலிடும் குறிப்பில்கூட) மூச்சு விடவில்லை.