அங்கன்வாடியில் சேர்க்க ஊனமுற்றோர் சான்றிதழ் கட்டாயமா?

வளர்ச்சி தாமதமான குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்க 40 சதவீத ஊனச் சான்றிதழ் வேண்டும் என்றும், சிறப்பு ஆசிரியர் இல்லாத மையம் அக்குழந்தையைத் திருப்பி அனுப்பலாம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

40 சதவீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அந்த அளவோ அதற்கு மேலோ ஊனமுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளின் இலவசக் கல்வியைப் பற்றியது. ஆறு வயதுக்குட்பட்டோரின் அங்கன்வாடிச் சேர்க்கைக்கு அது நிபந்தனை அன்று.

இரண்டாவது கூற்றுதான் அதிகக் கேடு விளைவிப்பது. ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பர் 28 அன்று வெளியிட்ட நெறிமுறை, ஊனத்தின் அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவது, குழந்தையைச் சமூக நிகழ்வுகளில் சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணைநிற்பது, ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர், கிராம செவிலியர், தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் (RBSK) மருத்துவக் குழு வழியாக மேல்சிகிச்சைக்கு அனுப்புவது ஆகிய மூன்றையும் அங்கன்வாடிப் பணியாளரிடமே ஒப்படைக்கிறது; எனவே சிறப்பு ஆசிரியர் இல்லை என்பது குழந்தையைத் திருப்பி அனுப்பக் காரணம் ஆகாது. அதற்கான பயிற்சி அவர்களுக்குச் சிகிச்சையாளர் தகுதியைத் தருவதில்லை என்பது உண்மையே. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. ஆனால், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை முதலில் கவனிப்பவர் பல நேரங்களில் இந்தப் பணியாளர்தான். சான்றிதழுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் இழப்பது அந்த முதல் கவனிப்பையே.