எலும்பு சேர்ந்துவிட்டது, அப்புறம்?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது எக்சிடென்ட் என்றால் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. மைலோ டின், ஆரஞ்சு, கோயில் திருநீறு எல்லாம் கட்டில் பக்கத்தில் குவியும். வீட்டுக்கு வந்த பிறகு பிசியோவுக்கு (கை காலை மறுபடி இயங்க வைக்கும் பயிற்சி சிகிச்சைக்கு) யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டால்தான் பதில் வராது. "எலும்புதான் சேர்ந்துடுச்சே, இன்னும் என்ன?" என்பார்கள்.

கார் மோதி எனக்குக் கீழ்க்கால் எலும்பு முறிந்தது, உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு சேர மூன்று நான்கு மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும், சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதம். ஆனால் முட்டி தானாக மடங்காது, தொடைச் சதை தானாக ஏறாது. படுத்தே கிடந்தால் சில வாரங்களிலேயே தொடை சூம்பிவிடும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும் வரை தொடையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிசியோ அக்கா. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை, எனக்கு வியர்த்துக் கொட்டியது. நான் ஊன்றுகோலை விட்டது அந்த வேலையால்தான்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். குந்தி உட்காரும் கக்கூஸ், மடங்காத முட்டி. அம்மாவைத் துணைக்குக் கூப்பிட வெட்கப்பட்டுச் சாப்பாட்டையே குறைத்துக்கொண்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை வெட்டிக் குழிக்கு மேல் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

உருவிவிட ஆள் தேடுவதை நிறுத்துங்கள், தயவுசெய்து. சேராத எலும்பை உருவினால் அது விலகிவிடலாம்.

இன்னொன்று. வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ அடிபட்டால் சொக்சோவில் (தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) உதவித்தொகை கேட்கலாம். எம்சி, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு, நான்கு நாளாவது இருந்தால் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். போலீஸ் ரிப்போர்ட்டை 24 மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள். மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் 2014 முதல் இருக்கிறது, அங்கேயே தங்கிப் பயிற்சி செய்யலாம், நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. முதலாளி உங்கள் பேரைச் சொக்சோவில் பதிந்து சந்தா கட்டியிருக்கிறாரா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள், அடிபட்ட பிறகு கேட்டால் இழுபறிதான்.

அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் கட்டணம் குறைவுதான். ஆனால் உள்ளே இருக்கும் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வாடகைக் கார் பிடித்துப் போய் வர அதைப்போலப் பல மடங்கு ஆகிறது, போகிறவருக்குத் துணைக்கு வரும் ஆளின் ஒருநாள் சம்பளமும் போகிறது. பிசியோவைப் பாதியில் விடுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. வண்டி இல்லாதவர்கள்.

திருவிழாவுக்கு வேன் பிடிக்கிறோம், பந்து விளையாட்டுக்கு வேன் பிடிக்கிறோம். வாரத்தில் ஒரு காலை மட்டும் பிசியோவுக்கு ஒரு வேன் விட நம் கோயில் கமிட்டிகளால் முடியும். பெட்ரோல் காசில் என் பங்கைத் தருகிறேன், துணைக்கும் வருகிறேன். வேன் இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், எந்தக் கிழமை வசதி என்று பேசி முடிவு செய்யலாம்.