கடிக்காததற்குப் பெயர் கடி

ஞாயிற்றுக்கிழமை நம்ம பர்மாத் தமிழர் ஆண்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

அந்தப் பிள்ளை மேடையில் சொன்னது இவ்வளவுதான்: “பர்மாக்காரங்க வீட்டுக்குப் போனா ‘சா, சா’ன்னு சொல்வாங்க. பயந்து ஓடிராதீங்க, உக்காந்து சாப்பிடுங்க.” எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வெளியூர்ச் சிறப்பு விருந்தினருக்கு மட்டும் விளங்கவில்லை. பர்மியத்தில் சா என்றால் சாப்பிடு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதும், “ஓ, கடி ஜோக்கா” என்றார், மைக்கிலேயே. அதோடு விட்டாரா? அவள் பேசிய தமிழை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார். நம்ம ஆட்களே கைதட்டினார்கள்!

யாரையும் கடிக்காத சிலேடைக்குப் பெயர் கடி. பிள்ளையைக் கடித்துக் குதறியதற்குப் பெயர் நகைச்சுவை. நல்லா இருக்குய்யா நியாயம்.

மற்ற ஜோக்குக்கு அடி வாங்க ஒரு ஆள் வேண்டும். மாமியார், கஞ்சன், வாத்தியார், யாராவது. சிலேடையில் அடி வாங்குவது சொல் மட்டும்தான். எங்கள் அப்பத்தா, மொகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் கொண்டுவரும் பர்மிய அடுத்த வீட்டம்மாவிடம் “நீயும் தினம் சாங்கிற, நான் போய்ச் சேர்ந்த பாடில்லையே” என்று தமிழில் சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வாங்கும். அந்தம்மாவுக்கு ஒரு சொல் புரியாது. யார் மனசு நொந்தது?

ஜோக் எல்லை தாண்டும். பல்வலிக்கு வெளிநாடு போனவன் கதை தெரியுமே: “உங்க ஊர்ல பல் டாக்டர் இல்லையா?” “இருக்கார், அங்கே வாயைத் திறக்கத்தான் முடியாது.” எந்த மொழியிலும் சிரிப்பு வரும். ‘சா’வை மொழிபெயர்த்தால் செத்துப்போகும். இரண்டு மொழியிலும் புழங்கியவனுக்கே அந்தச் சிரிப்பு. அந்த விருந்தினருக்கு எட்டவில்லை என்றால் குறை யாரிடம்?

“காளமேகம் சிலேடையிலேயே வையலையா?” வைதார். அவர் காளமேகம், விடுங்கள். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டினாரே, அதில் எந்த எள் அழுதது?

“ஜோக்குன்னா யாரையாவது குத்தத்தான் செய்யும்.” குத்தட்டும். மாண்டலே நகைச்சுவைக் கலைஞர் பா பா லே பர்மாவின் ராணுவ ஆட்சியாளர்களைக் கேலி செய்து 1996-இல் 7 ஆண்டு தண்டனை வாங்கினார். அது மேலே பார்த்து எறிந்த கல். பாவாடை தாவணியில் நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளை மேல் எறிய என்ன வீரம் வேண்டும்?

“விளையாட்டாச் சொன்னார்.” 1960-களில் பள்ளிக்கூடங்களை பர்மா அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கோயிலிலும் வீட்டிலும் பொறுக்கிச் சேர்த்த தமிழ் இது. இழுக்கத்தான் செய்யும். கேட்டுக்கொண்டு சும்மா இருந்த விழாக்குழுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விருந்தினரைக் கூப்பிட யாரிடமும் கேட்பதில்லை, மாலை வாங்கக் காசு மட்டும் வீடு வீடாகக் கேட்கிறீர்கள். அடுத்த வருஷம் என் வீட்டுப் படி ஏறாதீர்கள்.