'தயார்' என்றால் என்னவென்று கேட்டது தப்பா?

பேக்கப் கரண்ட் ஒப்பந்தத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த நம் எஸ்டேட் பட்டறைக்காரர்கள் சங்கக் கூட்டத்து வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாற்பது செகண்டுக்கு வெட்டி வாட்ஸப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவது இருக்கிறது, எதற்குக் கத்தினேன் என்பது இல்லை. "தங்கச்சி, இதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம், பெரியவங்க பாத்துப்பாங்க, நீ உக்காரும்மா" என்று மேடையிலிருந்து சொன்னதும் இல்லை. பத்தொன்பது வருஷமாகச் செலவுக் கணக்குதான் என் வேலை. அந்த ஹாலில் இருந்தவர்களில் ஒப்பந்த வரைவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கைதூக்கச் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பேட்டரியும் ஜெனரேட்டரும் வைத்து நம் எல்லாப் பட்டறைக்கும் பேக்கப் கரண்ட் கொடுக்கப் போகிற கம்பெனிக்கு, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று 15 வருஷம் மாசாமாசம் கெப்பாசிட்டி சார்ஜ் கட்டப் போகிறோம். நாம் கரண்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டும். சரி. அந்தக் கெப்பாசிட்டி தயாராக இருந்தது என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? ரேட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வரைவின் இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "நிறுவனம் எழுத்துமூலம் வேறுவிதமாகத் தெரிவிக்காத காலம் முழுவதும் திறன் கிடைக்கக்கூடிய நிலையில் இருந்ததாகக் கருதப்படும்." இன்னொரு தடவை படியுங்கள். மிஷின் பழுதாகிக் கிடந்தாலும், டீசல் டேங்க் காலியாக இருந்தாலும், அவர்களே நமக்கு லெட்டர் போட்டுச் சொல்லாதவரை அது தயார். 'கருதப்படும்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 15 வருஷம் பணம் கட்டப் போகிறோம். ரேட்டில் ஐம்பது பைசா குறைத்துவிட்டோம் என்று கைதட்டினார்களே, இந்த வரி இருக்கும்வரை அந்த ஐம்பது பைசாவுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

எனக்கு ஆதரவாகப் பேசுகிறேன் என்று சிலர், "எடுக்காத கரண்டுக்கு எதுக்குக் காசு, கெப்பாசிட்டி சார்ஜே கொள்ளை" என்று கமெண்ட் போடுகிறார்கள். தயவுசெய்து அதை என் பெயரில் போடாதீர்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை. காசிமேட்டில் எங்கள் மாமாவுக்கு விசைப்படகில் பங்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் படகு ஒரு மீன்கூடப் பிடிக்காது, ஆனால் வட்டி ஓடும், எஞ்சினைப் பிரித்து மாட்டவேண்டும், பெயிண்ட் அடிக்கவேண்டும். சும்மா நிற்கிற பொருளுக்கும் செலவு உண்டு என்று இந்தக் கடலோரத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் தங்கை கல்யாணத்துக்கு மண்டபத்தில் ஜெனரேட்டர் வாடகைக்குச் சொல்லியிருந்தோம். கரண்ட் போகாவிட்டாலும் பணம் உண்டு என்று பேசித்தான் வைத்தோம், அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலையில் மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் வாசலில் நிற்கிறது, டீசல் நிறைய இருக்கிறது, ஸ்டார்ட் பண்ணுகிற பையனைக் காணோம், டீ குடிக்கப் போய்விட்டான். செல்போன் டார்ச் வெளிச்சத்தில்தான் தாலி ஏறியது. சாயங்காலம் முழுப் பணமும் கேட்டார் ஜெனரேட்டர்காரர். "வண்டி ரெடியாத்தானே சார் இருந்துச்சு" என்றார். அப்பா பாதிப் பணத்தைக் கையில் கொடுத்து, "வண்டி ரெடி, வெளிச்சம் ரெடி இல்லப்பா" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதும் இதேதான். இதில் எங்கே டெக்னிக்கல் இருக்கிறது?

பெரிய மின்நிலையங்களில் இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? 1992-இல் தனியார் மின்நிலையங்களுக்கு மத்திய அரசு அறிவிக்கை போட்டபோது, முழுத் திறனில் 68.5 சதவீதம் உற்பத்தி இருந்தால் நிலைச் செலவு (ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற செலவு) முழுசும் கிடைக்கும், பங்கு முதலீட்டுக்கு 16 சதவீத லாபமும் உண்டு என்றார்கள். அப்போது அளவுகோல் உற்பத்தி. அப்புறம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதைத் தயார்நிலை என்று மாற்றியது. இப்போது அனல்மின் நிலையம் பொதுவாக 85 சதவீதம் தயாராக இருந்தால் முழுச் சார்ஜும் உண்டு, அதற்குக் கீழே போனால் அந்த விகிதத்தில் குறையும். கையில் எரிபொருள் இருப்பதையும் கணக்கில் வைத்துத்தான் தயார் என்று சொல்லமுடியும். சொன்னால் போதாது, ஓட்டிக் காட்டு என்று கேட்க, எந்த நிலையம் எவ்வளவு ஓடவேண்டும் என்று சொல்கிற லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு அதிகாரம் உண்டு, பொய் என்று தெரிந்தால் அபராதமும் உண்டு. வல்லூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகு மூன்று நிற்கிறதே, அந்த மாதிரி நிலையங்களையே ஓட்டிக் காட்டச் சொல்லலாம் என்றால், நம் கேட் பக்கத்தில் நிற்கப் போகிற ஜெனரேட்டரை ஏன் சொல்லக்கூடாது?

என்ரான் கதையை நம் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அமெரிக்கக் கம்பெனி மகாராஷ்டிராவில் கட்டிய தாபோல் மின்நிலையம், ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்குள் முழு உற்பத்திக்கு வரமுடியாமல் போனபோது, 2001-இல் மகாராஷ்டிர மின்வாரியம் தயார்நிலையைத் தவறாக அறிவித்தீர்கள் என்று 401 கோடி ரூபாய் அபராதம் கேட்டது. அத்தனை மோசமான ஒப்பந்தத்தில்கூட, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரண்ட் வரவேண்டும் என்று எழுதியிருந்ததால்தான் அதையாவது கேட்கமுடிந்தது. நம் வரைவில் நேரமே இல்லை. பத்து நிமிஷமா, பத்து மணி நேரமா?

"இப்படிக் குடைந்தால் கம்பெனி ஓடிவிடும்" என்கிறார்கள். ஓடட்டும். ஓட்டிக் காட்டச் சொன்னதற்கே ஓடுகிற கம்பெனி, கரண்ட் போன ராத்திரியில் நம் பட்டறைக்கு வந்து நிற்குமா?

"ஃபிக்ஸட் என்றால் ஃபிக்ஸட்தான், எந்த ஒப்பந்தமும் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இது சரியில்லை. 2020 ஊரடங்கில் மில்கள் பூட்டிக் கிடந்தபோது, உயரழுத்த இணைப்புக்கு ஒப்பந்த டிமாண்டில் (ஒப்பந்தத்தில் கேட்டு வைத்த உச்ச அளவில்) 90 சதவீதம் என்று பில் வந்தது. மில்காரர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். முழுசாக மூடிக்கிடக்கும் காலத்துக்கு 20 சதவீதம் போதும் என்று மின் வழங்கல் விதியில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது, அந்த வரிதான் அவர்களைக் காப்பாற்றியது. நம் வரைவில் அப்படி ஒரு வரி இல்லை, அதையும் சேர்க்கச் சொல்ல நினைத்திருந்தேன். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டு என்பது நமக்குப் புதுசும் இல்லை, காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்கான ஆலை 2010-இல் அப்படி ஒரு ஒப்பந்தத்தில்தான் ஓடத் தொடங்கியது. அதனால்தான் உள்ளே என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம் என்கிறேன்.

"வரைவை வக்கீல் பார்த்துவிட்டார்" என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. கரண்ட் பில் கட்டப் போவது வக்கீல் இல்லை.

இன்னொன்றையும் பேசவிடவில்லை. செலவு என்று எதை எதைச் சேர்க்கலாம்? பெரிய நிலையங்களுக்கு அது பட்டியலாகவே இருக்கிறது: முதலீட்டு லாபம், கடன் வட்டி, தேய்மானம், நடைமுறை மூலதன வட்டி, பராமரிப்புச் செலவு. நம் வரைவில் இவை ஐந்தும் போக ஆறாவதாக 'இதர நியாயமான செலவுகள்'. நியாயம் யாருடையது, யார் தணிக்கை செய்வது, உச்சவரம்பு எவ்வளவு, ஒன்றும் இல்லை. செலவுக் கணக்கு பார்க்கிற யாரிடமாவது இந்த வரியைக் காட்டிப் பாருங்கள், பேனாவை மூடிவைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மிதந்து வந்த பிறகு திருவொற்றியூர் மேற்கில் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பாவின் லேத் பட்டறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கருப்பு எண்ணெய்க் கோடு இன்றைக்கும் இருக்கிறது, இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் மேலே எழும்பி வருகிறது. மோட்டாருக்குக் காயில் கட்டி, லேத்தின் அடிப்பாகத்தைத் துடைத்து, மறுபடி ஓட்ட 23 நாள் ஆனது. பில் வந்தது, நிலைக் கட்டணம் ஒரு பைசா குறையாமல். அப்பா எதுவும் பேசாமல் கட்டினார். "மிஷின் ஓடலன்னாலும் லைன் நமக்காக நிக்குதுல்ல" என்றார். லைன் நிற்கவில்லை அப்பா, முதல் நாலு நாள் தெருவில் கரண்டே இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படியாத மொட்டைமாடி கிடையாது. புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கிற கருவியை அந்த நிலையங்கள் இரண்டு வருஷத்துக்குள் வைக்கவேண்டும் என்றுதான் 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். கெடுவைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அந்தக் கருவியை வைத்தால், சட்டம் மாறியதால் வந்த செலவு என்று அதன் விலையையும் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. வைக்காத வருஷங்களில் எங்கள் அம்மா வாங்கிய இன்ஹேலருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. இது நம் சங்க ஒப்பந்தத்துக்குச் சம்பந்தம் இல்லாத பேச்சு என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. செலவு என்றால் எது, தயார் என்றால் எது என்று எழுதுகிற இடத்தில் எங்கள் ஆட்கள் ஒருத்தரும் உட்கார்ந்ததே இல்லை, எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த ஒரு தடவையாவது வரைவு நம் கையில் இருக்கிறது, அதைக் கேட்டதற்குத்தான் உட்காரச் சொன்னார்கள்.

அடுத்த கூட்டம் 15 நாளில். வரைவின் இரண்டாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் போட்டோ எடுத்து முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள். வேறு எஸ்டேட்களில் இதே மாதிரி ஒப்பந்தம் போட்டவர்கள் யாராவது இருந்தால், 'கிடைக்கக்கூடிய திறன்' என்பதற்கு உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். பிரிண்ட் போட்டு ஒவ்வொரு நாற்காலியிலும் ஒன்று வைத்துவிடுகிறேன்.