போவி பாட்டு தராததே இந்தப் படத்துக்கு நல்லதாப் போச்சு

டாட் ஹெய்ன்ஸ் இயக்கி 1998ல் வந்த 'வெல்வெட் கோல்ட்மைன்' பற்றிப் பேச்செடுத்தாலே, "டேவிட் போவி மாதிரி ஒருத்தர் கதை, ஆனா போவி பாட்டு ஒண்ணுகூட இல்லையே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எழுபதுகளில் ஜிகினாவும் பளபள உடையுமாக மேடையேறிய 'கிளாம் ராக்' பாடகர் போவி. படத்தின் தலைப்பே அவர் பாட்டின் தலைப்பு. உரிமை கேட்டார்கள், மனிதர் தரவில்லை. தந்திருந்தால் இது பத்தோடு பதினொன்றாக ஒரு பயோபிக் ஆகியிருக்கும் என்பதுதான் என் கட்சி.

பாட்டு கிடைக்காததால் பேண்டையே உருவாக்க வேண்டியதாயிற்று. நாயகன் பிரையன் ஸ்லேடுக்கு வாசித்தவர்களில் ரேடியோஹெட் பேண்டின் தாம் யார்க், ஜானி கிரீன்வுட் இருக்கிறார்கள். கூடவே கிளாம் பேண்டான ராக்ஸி மியூசிக்கில் அந்தக் காலத்திலேயே சாக்ஸஃபோன் வாசித்த ஆண்டி மெக்கே. ராக் பாடகர் இகி பாப் சாயலில் வரும் கர்ட் வைல்டுக்குத் தனி பேண்ட். அதில் கிட்டார் யார் தெரியுமா? இகி பாப்பின் பழைய பேண்ட் ஸ்டூஜஸின் ரான் ஆஷ்டன். 1970ல் தான் வாசித்த பாட்டையே மறுபடி வாசிக்கிறார். வைல்டாக நடிக்கும் யூவன் மெக்ரெகர் சொந்தத் தொண்டையில் கத்துகிறார். நகல் என்று இதை எப்படிச் சொல்வது?

கிளாம் ஒலியைப் பிடிப்பது லேசில்லை. போவிக்கு வாசித்த மிக் ரான்சனை எடுத்துக்கொள்ளுங்கள்: லெஸ் பால் கிட்டார், மார்ஷல் ஆம்ப், நடுவில் காலால் அழுத்தி ஒலியின் நிறத்தை மாற்றும் ஒரு வா பெடல். பெடலைச் சும்மா ஆட்டிக்கொண்டே இருக்க மாட்டார். பாதியில் நிறுத்தி அப்படியே விட்டுவிடுவார். மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி மிட் (நடு ஒலிகள்) மட்டும் முட்டிக்கொண்டு வரும். இது தெரியாமல் டிஸ்டார்ஷனை (கரகரப்பை) ஏற்றினால் கிடைப்பது வெறும் இரைச்சல். குரலும் அப்படித்தான். ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்று வைக்க வேண்டும். ஒரே டேக்கை காப்பி பண்ணி ஒட்டினால் சத்தம்தான் கூடும், கனம் வராது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விலகல் வேண்டும்.

காதைத் தீட்டிக் கேட்டால் ஸ்லேடுக்கு ஒரே குரல் இல்லை என்பது பிடிபடும். சில பாட்டுகளில் தாம் யார்க், சிலவற்றில் நடிகர் ஜொனாதன் ரைஸ் மேயர்ஸே. பின்னணிப் பாட்டில் வளர்ந்த நமக்கு உறுத்தாது. ராக் ரசிகர்களுக்கு உறுத்தும். முகமூடிக்கு மேல் முகமூடி போடுகிற ஆளுக்கு இரவல் குரல் பொருத்தம்தானே!

உடைகள் சாண்டி பவல். அதே வருடம் இரண்டு படங்களுக்கு ஆஸ்கர் பரிந்துரை. விருது இன்னொன்றுக்குப் போனது. இந்தப் படத்துக்கே கொடுத்திருக்கலாம். (படம் பார்த்துவிட்டு ஜிகினா பூச ஆசைப்படுகிறவர்களுக்கு: கைவினைக் கடை ஜிகினா கண்ணுக்குள் போனால் விழியைக் கீறிவிடும். மேக்கப்புக்கென்றே விற்பதை வாங்குங்கள்.)

குறை இல்லாமல் இல்லை. பழைய ஆட்களைத் தேடிப்போய் நிருபர் பேட்டி எடுக்கும் 'சிட்டிசன் கேன்' சட்டகம் பாட்டுகளுக்கு நடுவே கால்கட்டு போடுகிறது. 1984ல் நடக்கும் இந்தப் பேட்டிப் பகுதிகள் வேண்டுமென்றே சாம்பல் நிறம்தான், அதற்காக இவ்வளவு நேரமா? நிருபராக வரும் கிறிஸ்டியன் பேல் பாவம், பாதிப் படம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பகுதியில் ஸ்லேடின் மனைவியாக வரும் டோனி கோலெட்டை மட்டும் விடாமல் பாருங்கள். புகழின் உச்சியில் இங்கிலாந்துக்காரி மாதிரி இழுத்து இழுத்துப் பேசியவள், காலி பாரில் உட்கார்ந்து பேசும்போது சாதாரண அமெரிக்கப் பேச்சுக்குத் திரும்பியிருப்பாள்.