அண்டை நாட்டோடு சேர்ந்து எழுதிய வரலாறு உண்டு

‘தேசிய வரலாற்றுப் பாடநூலை எந்த நாடும் அண்டை நாட்டோடு உட்கார்ந்து எழுதியதில்லை, எழுதவும் முடியாது’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு.

பிரான்சும் ஜெர்மனியும் எழுதியிருக்கின்றன. 1870 தொடங்கி 1945 வரை மூன்று பெரிய போர்களில் மோதிக்கொண்ட நாடுகள் இவை. 2003இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர்கள் வைத்த கோரிக்கை. 2006இல் முதல் தொகுதி வந்தது, 2011இல் மூன்றாவது. உள்ளடக்கம் ஒன்றுதான், மொழிதான் இரண்டு. எனக்குப் பிடித்தது என்னவென்றால், இரு தரப்பும் ஒரே விஷயத்தை எங்கே வேறுவிதமாகப் பார்க்கின்றன என்று காட்டவே அதில் தனிப் பகுதிகள் உண்டு. பூசி மெழுகவில்லை.

சரி, அது எல்லா வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிடவில்லைதான். அதை வைத்துக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ‘நடந்ததே இல்லை’ என்பது வேறு பேச்சு.

அப்புறம், ‘இரண்டு பார்வை காட்டினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்’ என்கிறீர்கள். முதல் உலகப் போருக்கான பொறுப்பை ஜெர்மனி மீது சுமத்திய வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தின் 231ஆவது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். அதைக் கையில் கொடுத்து, 1919இல் பாரிசில் இருந்தவர் இதை எப்படி வாசித்திருப்பார், பெர்லினில் இருந்தவர் எப்படி வாசித்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தாராளமாகப் பதில் சொல்லும்.