யாசுகேவை விட்டுத் தொலைங்கப்பா!

ஞாயித்துக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு ஊத்திப் பிசைஞ்ச கையோட உக்காந்திருக்கேன். மச்சான் போனை மூஞ்சிக்கு நேரா நீட்டுறார். "மாப்ள, இதைப் பாரு! யாசுகேவாம், ஏழடி உயர ஆப்பிரிக்க சாமுராய். பதினாறாம் நூற்றாண்டுல ஜப்பானைக் கலக்கின நோபுநாகாவோட தளபதி. எஜமான் தலையையே எடுத்துக்கிட்டுத் தப்பிச்சுட்டாராம்!" ஒரு நிமிஷ வீடியோ. காதைக் கிழிக்கிற மியூசிக் வேற.

"ஏழடியும் இல்ல, தளபதியும் இல்ல மச்சான்"னு வாயைத் திறந்தேன் பாருங்க, அங்கதான் சனியன் பிடிச்சுது. எதிர்ல இருந்த சித்தப்பா பையன் குதிக்கிறான்: "அதான! வெறும் எடுபிடி. சாமுராயாவது மண்ணாவது." அவனுக்கு என்ன ஆதாரம்? இன்னொரு ஒரு நிமிஷ வீடியோ!

ஏன்யா, அந்த மனுஷனைப் பத்தி அந்தக் காலத்துக்காரங்க எழுதிவெச்சதே கொஞ்சூண்டு. சேசு சபைப் பாதிரிகளோட கடிதங்கள், நோபுநாகாகிட்ட இருந்த ஓட்டா கியூயிச்சி எழுதின வரலாறு, மட்சுதைரா இயேதாதாங்கிற அந்தக் காலத்து சாமுராயோட நாட்குறிப்பு. அதைப் படிக்க எவனுக்கும் நேரமில்ல. சண்டை போட மட்டும் வருஷம் பூரா நேரமிருக்கு.

யாசுகே 1579ல வாலின்யானோ பாதிரியாரோட ஜப்பான் வந்தவர். 1581ல கியோட்டோவுல அவரைப் பார்க்க ஊரே முண்டியடிச்சு, பாதிரிகள் வீட்டுக் கதவையே பேத்துருச்சு. நோபுநாகாவோ, கறுப்பு மை பூசியிருக்கானோன்னு இடுப்புக்கு மேல துணியைக் கழட்டவெச்சு, கழுவிப் பார்த்தார். அப்புறம் தன்கிட்டயே வெச்சுக்கிட்டார். உயரம்? இயேதாதா எழுதினது ஜப்பான் பழைய அளவுல ஆறு ஷாக்கு ரெண்டு சுன். அதாவது கிட்டத்தட்ட 188 செ.மீ. அதுவே பெரிய உயரம்தானே, எதுக்கு ஏழடியா இழுக்கணும்?

'சாமுராய்'ங்கிற வார்த்தையை அவருக்கு யாரும் எழுதலைதான். ஆனா படியளந்து, வீடு குடுத்து, குறுவாளும் குடுத்து, சில நேரம் தன் ஆயுதத்தையே தூக்கிட்டு வரச் சொன்னா அது எடுபிடி வேலையாடா? 1600ல டச்சுக் கப்பல்ல வந்து இறங்கின இங்கிலாந்து மாலுமி வில்லியம் ஆடம்ஸை பின்னால ஜப்பானை ஆண்ட இயேயாசு ஹதமோட்டோ, அதாவது தன் நேரடி சாமுராய் ஆக்கினார். அவர்கிட்ட எவனாவது சர்டிபிகேட் கேக்குறானா? சரி, அவருக்கு நிலமும் குடுத்தாங்க, ஆதாரம் கூடுதல், ஒத்துக்கறேன். ஆனாலும் யாசுகேன்னதும் மட்டும் ஏன் இந்த எரிச்சல்?

1582 ஜூன் 21, ஹொன்னோ கோயில். நோபுநாகாவோட சொந்தத் தளபதி அகெச்சி மிட்சுஹிதே துரோகம் பண்ணி வளைச்சுட்டான், நோபுநாகா முடிஞ்சார். யாசுகே ஓடி ஒளியல. நோபுநாகா மகன் நோபுதாதா இருந்த இடத்துக்குப் போய் ரொம்ப நேரம் சண்டை போட்டார். கடைசியில வாளைக் கேட்டாங்க, குடுத்துட்டார். மிட்சுஹிதே என்ன சொன்னான் தெரியுமா? "இது மிருகம், ஒண்ணும் தெரியாது, ஜப்பான்காரனும் இல்ல. கொல்லாம பாதிரிகள் கோயில்ல விடுங்க." அதோட தடயம் அறுந்துபோச்சு. இதுக்கு மேல என்னய்யா மசாலா வேணும் உங்களுக்கு?

மூச்சுவிடாம இம்புட்டையும் சொல்லி முடிச்சேன். குழம்பு ஆறிப்போய் எண்ணெய் ஏடு கட்டிருச்சு, கை காஞ்சு வறவறன்னு இருக்கு. மச்சான் பொறுமையா எலும்பை உறிஞ்சிட்டுக் கேக்குறார்:

"எல்லாம் சரி மாப்ள... அந்தத் தலையை எங்க கொண்டுபோய் வெச்சாரு?"